மச்சாளும் மாயன் வீட்டுத் தரையும்

மச்சாள்,

இன்று மத்தியானம் பள்ளிக்கூடச் சமையலறையில் சோளம் அடைத்த பெரிய தகர ரின் ஒன்றை உடைத்துச் சட்டியில் கவிழ்த்துச் சூடாக்கினேன். மூடியைத் திறந்ததும் அந்த இனிப்பு ஆவி முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நீங்கள் வந்துவிட்டீர்கள். வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். கூட வேலை செய்கிறவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மிஞ்சின சோளத்தை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீங்கள் அதை வாயில் போட்டுவிட்டு, "என்ர ஆக்கள் இதைத் திண்டால் அழுவினம், வதனி" என்றீர்கள். உங்கட ஆக்கள் என்றால், நீங்கள் காட்டுக்குள் தோண்டித் தேடுகிற மாயன்காரர். அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் கழற்றி, கல்லில் அரைத்து, ரொட்டி தட்டுவார்கள் என்று விளக்கம் தந்தீர்கள். நான் விடவில்லை.

"வெத்திலைக்குப் போடுறதைச் சோளத்துக்குப் போடுறவையோ? அப்ப பாக்கு எதுக்குப் போடுறவை?"

"உம்மைப் போல வாய்க்காரியளின்ர வாய்க்க போடுறவை" என்றீர்கள்.

நமக்குள் கதை எப்போதும் இப்படித்தான். முதல் நாளே அப்படித்தான் தொடங்கியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். லண்டனுக்குக் கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளையின் தமக்கை பெரிய டாக்டர் என்று சொல்லியிருந்தார்கள். பயந்துகொண்டுதான் தலையாட்டினேன். நீங்களோ மண்டபத்துக்கு விமான நிலையத்திலிருந்து நேரே வந்தீர்கள். பட்டுச்சேலை, கை முழுக்க நுளம்புக் கடி, நகத்துக்குள் சேறு. "தோட்டத்துக்கால வாறியளோ, மச்சாள்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மாமி கண்ணால் சுட்டார். நீங்கள் மணவறைக்குப் பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அன்றைக்கே பயம் போய்விட்டது.

ஊசி போடாத டாக்டர் என்று உங்களுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். சட்டனில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில், டாக்டர் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டினார். நீங்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் குனிந்து பார்த்தீர்கள். "நான் எலும்பு பாக்கிறனான்தான் அண்ணை. ஆனா ஆள் செத்து ஆயிரம் வருசம் ஆகியிருக்கோணும். பிறகு வாங்கோ, பாப்பம்." அந்த மனிதர் அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் நம் மேசைப் பக்கம் வரவில்லை.

பெலீஸ் என்ற நாடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் வடிவாகத் தெரியாது. ஆனால் அந்தக் காட்டுக்குள் நீங்கள் என்ன தேடினீர்கள் என்பது தெரியும். எல்லோரும் பிரமிட் பார்க்கப் போவார்கள். நீங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பளவு உயர மண்மேடுகளைக் கிளறுவீர்கள். பழைய குடியானவர்களின் வீடுகள். ஏன் இந்தக் கஞ்சத்தனம், ராசாவின் மாளிகையைத் தோண்டினால் பேப்பரில் படம் வருமே என்று கேட்டேன். "ராசா எங்க படுத்தவர் எண்டு பாக்க ஆக்கள் நிறைய இருக்கினம். சமைச்சவள் எங்க நிண்டவள் எண்டு பாக்கத்தான் ஆளில்லை" என்றீர்கள். அழிந்துபோன இனம் என்று யாராவது வாயைத் திறந்தால் மட்டும் உங்களுக்குப் பகிடி நின்றுவிடும். "ஆர் அழிஞ்சது? என்னோட மண் அரிக்கிற பெடியளின்ர தாய்மார் மாயன் பாஷைதான் கதைக்கினம்" என்று சண்டைக்குப் போவீர்கள்.

வருடத்தில் பாதி அங்கே. மிச்சத்தில் யூனிவர்சிட்டிக்குக் கிட்டவாக ஏதோ ஒரு வாடகை அறை. சனி ஞாயிறு மோர்டனில், எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் சின்ன அறையில். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. "ஊரார் வீட்டுத் தரையெல்லாம் கிளறுறியள், உங்களுக்கெண்டு ஒரு தரை வாங்க ஏலாதோ?" என்று கேட்பேன். "உம்மட தரை இருக்கே, அது காணும்" என்று காலை நீட்டுவீர்கள். நான் தும்புத்தடியால் அந்தக் காலைத் தள்ளிவிட்டுக் கூட்டுவேன்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து, படி ஏற ஏலாமல் போக, முன் அறையில் கட்டில் போட்டு உங்களைக் கீழே கொண்டுவந்தோம். சமையலறையைப் பெருப்பிக்க பில்டருக்குச் சொல்லியிருந்ததைத் தள்ளிப்போட்டோம். பகலில் உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சமையலறைக் கதிரையில் இருத்துவேன். நான் வெங்காயம் வெட்டுவேன், நீங்கள் தரையைப் பார்ப்பீர்கள். மூலையில் லைனோ விரிப்பு கிளம்பியிருந்தது. ஒருநாள் குனிய ஏலாமல் குனிந்து அதை உரித்தே விட்டீர்கள். அதற்குக் கீழே பச்சை லைனோ. அதற்குக் கீழே சிவப்பு ஓடு. வருத்தக்காரியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"வதனி, இஞ்ச வாரும். உமக்கு முதல் இஞ்ச ரெண்டு மனுசியள் சமைச்சிருக்கினம்."

அப்போதுதான் சொன்னீர்கள். உங்கட ஆக்களின் வீட்டில் ஒருவர் செத்தால், பல நேரம் அந்த வீட்டுத் தரையைக் கிண்டி உள்ளேயே தாழ்ப்பார்களாம். மேலே புதுத் தரை பூசுவார்களாம். பிறகு அதன் மேலேயே இருந்து சாப்பிட்டு, பிள்ளை பெற்று, சண்டை பிடித்து வாழ்வார்களாம்.

"செத்தவீட்டுத் துடக்கு இல்லையோ?" என்றேன்.

"அவைக்கு ஆள் வீட்டை விட்டுப் போனாத்தான் துடக்குப் போல. என்னையும் உப்பிடியே தாட்டு விடும். உம்மட புதுக் குசினிக்குக் கீழ."

"தாட்டு விடலாம். ஆனா எழும்பி வந்து என்ர கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லக் கூடாது."

"செத்தாலும் சொல்லுவன்" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். உங்களுக்கு இருமல் வந்தது. தண்ணீர் தந்தேன். கதை அதோடு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் கனநாள் இருக்கவில்லை.

எரித்துவிட்டுச் சாம்பலை ஒரு பிளாஸ்டிக் சாடியில் தந்தார்கள். மிக்சர் போட்டு வைக்கிற சாடி மாதிரி. சாம்பல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று உங்கள் தம்பி அதைக் கராஜில், பெயின்ற் வாளிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே கனநேரம் நின்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்றைக்கு ஐயரோடு போய்க் கடலில் கரைப்பதென்று ஏற்பாடு. நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு மெல்ல வாயைத் திறந்தேன்.

"இஞ்சேருங்கோ, மச்சாள் ஒரு விசயம் சொன்னவ."

கேட்டதும் அவருக்குக் கோபம் ஏறிவிட்டது. "உமக்கு விசரே? அக்கா பகிடிக்குச் சொன்னவ. பகிடியை வச்சுக்கொண்டு ஒரு சீவனைக் கரை சேராமல் மறிக்கிறதோ?"

தேத்தண்ணீரை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தேன், மச்சாள். அது பகிடிதான். ஆனால் நாம் இரண்டு பேரும் இத்தனை வருடத்தில் பகிடி அல்லாமல் வேறு என்ன கதைத்தோம்? உங்கள் வருத்தம் மாறாது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட, "இனி உம்மட புட்டுத் திண்டு சாகத் தேவையில்லை" என்றுதானே என்னிடம் சொன்னீர்கள். வெளியே போய் அழுதுவிட்டு வந்து நானும் ஏதோ பகிடி சொன்னேன். அப்படிப்பட்ட இரண்டு பேர் கதைத்ததில் எது மெய், எது விளையாட்டு என்று எப்படிப் பிரிப்பது? கடலில் கரைத்த பிறகு, உண்மையாகத்தான் கேட்டீர்கள் என்று தெரியவந்தால் திரும்ப அள்ள முடியாது. தரைக்குள் வைத்த பிறகு, பகிடி என்று தெரியவந்தால் அவருடைய அக்காவை நான் மறித்து வைத்த பாவம். தண்ணீர்ச் சட்டியில் பருப்பைப் போட்டுவிட்டு அடுப்பை மூட்டாமல் நிற்பேன். ஒரு கிழமை அப்படியே போனது.

பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது ஒருநாள் உங்கள் லப்டொப்பில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது. ஒரு வீட்டுத் தரைக்குக் கீழே முழங்காலை மடித்துக் கிடந்த ஒரு பெண்ணின் எலும்பு. "என்னை இதுக்க தாட்டு விடுங்கோ எண்டு இந்த மனுசி கேட்டவவோ?" என்று அப்போது உங்களிடம் கேட்டேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"தெரியாது. செத்த ஆள் என்ன கேட்டது எண்டு மண் சொல்லாது, வதனி. இருந்த ஆக்கள் என்ன செய்தவை எண்டுதான் சொல்லும்."

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். நடக்க நடக்க விளங்கியது. உங்களுக்குள் இருந்ததை நான் இனிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. நான் பார்க்க வேண்டியது எனக்குள் இருப்பதை.

அன்று பின்னேரம் உங்கள் தம்பியிடம் சொன்னேன். "மச்சாள் உண்மையாக் கேட்டவவோ இல்லையோ எனக்குத் தெரியாது. எனக்கு வேணும். அவ இந்த வீட்டில இருக்கோணும் எண்டு எனக்கு ஆசையாக் கிடக்கு."

அவர் என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு எந்தப் பக்கத்தால் வரப்போகிறது என்று பார்த்திருப்பார். வரவில்லை. என்னை அப்படி ஒருநாளும் அவர் கண்டதில்லை, நானும் என்னை அப்படிக் கண்டதில்லை. கடைசியில் கேட்டார்:

"அக்கான்ர அந்த ஆக்கள் தரைக்குள்ள வைக்கேக்க, கூட என்னத்தை வைக்கிறவை?"

சில இடங்களில் தலைக்கு மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்ப்பார்கள், சில கிண்ணங்களின் அடியில் ஓட்டை போட்டிருப்பார்கள் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ஓட்டை எதற்கு என்று கேட்டார். மூச்சுப் போக என்று சிலர் சொல்லுவார்கள், கிண்ணத்தையும் சாகப் பண்ண என்று சிலர் சொல்லுவார்கள், நீங்கள் தெரியாது என்றுதான் சொன்னீர்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஐயருக்கு மட்டும் சொல்லிப்போடாதேயும்" என்றார்.

ஆகவே உங்களில் பெரும்பங்கு முறைப்படி கடலுக்குப் போனது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டு வந்தார். ஒரு பிடி இங்கே. தள்ளிப்போட்ட வேலையைத் தொடங்கி பில்டர் பழைய தரையைக் கிண்டிப் போட்டுவிட்டுப் போனதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தம்பி கராஜில் ட்ரில்லோடு நின்றார். ஓட்டை போடப் போய் என்னுடைய நல்ல சூப் கிண்ணங்களில் இரண்டை உடைத்தார். மூன்றாவது தப்பியது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக உங்களை வைத்தோம். கிண்ணத்தைக் கவிழ்த்து மண் போட்டபோது அவர், "அக்கா, இனி அலைஞ்சு அந்தரிக்காமல் இரு" என்றார். அவர் அழுதார். நானும் அழுதேன். பகிடி ஒன்றும் அகப்படவில்லை.

திங்கள் காலை கொங்கிறீட் போட வந்த பில்டர் புது மண்ணைக் கண்டுவிட்டான். "என்ன அண்ணை, பூனையைத் தாட்டனீங்களோ?" என்று கேட்டான். "ஓம், பூனைதான்" என்றார் உங்கள் தம்பி. "நல்ல பூனையோ?" "கடிக்கும். ஆனா நல்லது." கோபிக்க வேண்டாம், மச்சாள். அவருக்கு அந்த நேரம் அதுதான் வாயில் வந்தது.

எல்லாம் முடிந்து தரை காய்ந்து, மேலே ஓடும் பதித்தாயிற்று. உப்பு நான் போடுகிற அளவுதான் போடுகிறேன், மாற்றவில்லை. உங்களால் என்னோடு தங்கிவிட்டது வேறு ஒன்று. எப்போதாவது பகிடி கலக்காமல் ஒரு வசனம் நேராகச் சொல்ல வருகிறது. போன கிழமை லீட்ஸில் படிக்கும் மகள் போன் எடுத்தாள். வழக்கமாக, உயிரோடதான் இருக்கிறியோ, காசு முடிஞ்சுதோ என்று தொடங்குவேன். அன்றைக்கு, "உன்னைப் பாக்கோணும் போல கிடக்குப் பிள்ளை" என்றேன்.

"அம்மா, ஆர் யூ ஓகே? அப்பாட்டக் குடுங்கோ."

"கொம்மா இப்ப இப்பிடித்தான்" என்றார் உங்கள் தம்பி, போனை வாங்கி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. அவள்தான், முதுகில் பையோடு. வந்த கையோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், சட்டியைத் திறந்து, நீங்கள் இருக்கிற அந்த ஜன்னல் பக்கம் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினாள்.