ஸ்டெல்லாவின் கடைசிக் குப்பி

அடி ஸ்டெல்லா, என் செல்ல ராட்சசியே,

உன் செல்கள் இப்போது இரண்டு குழாய்களில் ஐஸ் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எதிர்ப்பொருளை ஊற்றிவிட்டேன். அது ஒட்டிக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். எனக்கு உட்காரவே முடியவில்லை. "ஒக்காருடி, காலுல சக்கரமா கட்டினு கீற?" என்று கத்துவாயே, கத்தேன் பார்க்கலாம்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். எதிர்ப்பொருள் சுரக்க எலியின் செல்லிலிருந்து நாம் உண்டாக்கிய குளோன் இருக்கிறதே, வளர்ப்புத் தட்டின் அந்தக் குழியில் இருந்ததெல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள் என்று நம்பி, லேப் முழுக்கக் கோவளத்து மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோமே, அது இல்லையடி. இரண்டு குடும்பம் கலந்து கிடந்திருக்கிறது! இப்போது பிரித்துவிட்டேன். இரண்டில் எதனுடைய எதிர்ப்பொருள், வெள்ளணுவின் மேல் நாம் தேடிய அந்த ஏற்பியைப் பிடித்தது?

அதைப் பார்க்க நீதான் வேண்டும். அந்த ஏற்பி எல்லோருடைய வெள்ளணுக்களிலும் இருப்பதில்லை. லேபில் ஒவ்வொருவராகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தோம், உன்னிடம் மட்டும்தான் இருந்தது. "பாத்தியா மச்சி, நான் ஸ்பெஷல் பீஸு" என்று எத்தனை நாள் பீற்றிக்கொண்டாய்! ஈசிஆர் ரோட்டில் அந்த லாரி உன்னைக் கொண்டுபோன பிறகு, நைட்ரஜன் தொட்டியில் உன் வெள்ளணுக்கள் ஒரே ஒரு குப்பி மிச்சம். இந்த உலகத்தில் உன்னில் உயிரோடு இருந்தது அவ்வளவுதான். உருக்கினால் சோதனையோடு தீர்ந்துபோகும். நம் லேப் சார் தினமும் கேட்டார், நான் தினமும் ஒரு சாக்குச் சொன்னேன். எனக்கு மனசே வரவில்லை.

கடைசியில் போன ஞாயிறு, பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய் உன் அம்மாவிடமே கேட்டேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"இன்னா கண்ணு சொல்ற? எம் பொண்ணு ரத்தம் இன்னும் உசுரோட கீதா?"

"அதுல கொஞ்சம்மா. உறைய வெச்சிருக்கோம்."

"அவ்ளோ குளுர்லயா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவ வேலைக்குன்னுதானே குடுத்தா? எட்துப் போடு. ஆனா நான் ஒரு வாட்டி பாத்துடணும்" என்றார்.

இன்று காலை வந்தார், கிறிஸ்துமஸுக்கு நீ எடுத்துக் கொடுத்த புடவையில். அதன் மேல் உன் வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டேன், கை நீளமாகத் தொங்கியது. குப்பியை வெதுவெதுப்பான நீரில் பிடித்து உருக்கினேன். ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பெரும்பாலும் பிழைத்திருந்தன. வட்ட வட்டமாய் மின்னின. அம்மா குனிந்தவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"இதுல எது கண்ணு அவ?"

"எல்லாமே அவதாம்மா."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். "செரி செரி, நீ வேலையப் பாரு" என்று என் முதுகைத் தட்டிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னமும் அங்கேதான் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், முடியட்டும் என்கிறார்.

ஸ்டெல்லா, உனக்கு ஒரு வாக்கு. பிடித்தால் பிடித்தது என்று எழுதுவேன். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால், பிடிக்கவில்லை என்றே எழுதுவேன், கட்டுரையில் முதல் பெயராக உன் பெயரைப் போட்டு. உன்னைச் செலவழித்துவிட்டுப் பொய் சொல்ல மாட்டேன்.

மணி அடிக்கிறது. வா, எது ஒட்டியது என்று பார்க்கும் மெஷினுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

உன் மச்சி,
குமுதா