ஒன்பது டப்பாவும் என்னுடையதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும் நம் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று பேச்சுக்கு எழுதவில்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள், மூடியில் பெயர், உள்ளே குட்டி ஸ்பூன். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி யார் குடலிலாவது குடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், காலை ஒன்பதுக்குள் நிரப்பித் தர வேண்டும். உன் அப்பன் வயிறு கடிகாரம் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டோர் ரூமைப் பூட்டிவிட்டு டப்பாவோடு கிளம்பினேன், கழிப்பறை வாசலிலேயே தலைமைச் சமையல்காரர் மறித்துக்கொண்டார். மூணு நாளா ஒண்ணும் நகரலண்ணே, நீங்கதான் ஒரு கை கொடுக்கணும் என்றார். பின்னாலேயே காய் நறுக்கும் அக்கா, எனக்கு வெக்கமா இருக்குண்ணே, பேரு வேற ஒட்டியிருக்காங்க என்றாள். பாத்திரம் தேய்ப்பவனுக்குக் காரணமே இல்லை, வரிசையைப் பார்த்து நின்றுவிட்டான். எனக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வராதே. ஒன்பதும் நிரம்பியது. சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலாம் நாள் வெடித்தது. ஒன்பது பேருக்கும் கிருமி, அச்சு அசலாக ஒரே கிருமி. சமையலறையைப் பூட்டினார்கள், நோயாளிகளுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்தது. வெள்ளை அங்கி போட்டவர்கள் குழாய், கத்தி, தராசு எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து எடுத்துப்போனார்கள். தலைமைச் சமையல்காரரின் கரண்டியைப் பையில் போட்டு சீல் வைத்தார்கள். லேப் டாக்டரம்மா சுவரில் ஒன்பது வட்டம் போட்டு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அம்புக்குறி இழுத்து இழுத்து அழித்துக்கொண்டிருந்தார், பாவம். எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நின்று, வாயத் தொறந்துடாதீங்கண்ணே என்று கெஞ்சினார்கள்.

வாயை மூடிக்கொண்டு, பழியைக் குழாய்த் தண்ணீர் மேல் போட்டுவிட்டு, உங்களைப் பார்க்க இருபதாம் தேதி அம்மாவோடு விமானம் ஏறியிருப்பேன். ஆனால் குழந்தையைத் தூக்க வேண்டுமே. ஏழு மாதத்தில் பிறந்த உயிர், எப்படி மனம் வரும்? நேரே டாக்டரம்மாவிடம் போய் ஒன்பது டப்பாவும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஒம்போதுமா என்று கேட்டார். ஒன்பதும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. மறுபடி டப்பா கொடுத்தார்கள், இந்த முறை கழிப்பறை வாசலில் காவல்காரர். எட்டுப் பேரும் சுத்தம். எனக்கு மட்டும் இருக்கிறது.

எனக்கு அதனால் ஒன்றும் ஆகாதாம், மருந்தும் வேண்டாமாம், சில மாதத்தில் தானாகவே போனாலும் போகுமாம், கையை மட்டும் ஒழுங்காகக் கழுவச் சொன்னார். பச்சைக் குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டபோது, இப்ப வேணாங்கய்யா, அதுக்குத் தொத்திச்சுன்னா குடுக்கறதுக்கு மருந்து கிடையாது என்றார். பஸ்ஸில் அழுதுவிட்டேன், அம்மாவிடம் சொல்லாதே. அவளுக்கும் சோதனை ஆயிற்று, தன் டப்பாவைத் தானே நிரப்பினாள், சுத்தம். எனக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, சாப்பாடு போடும்போது ரெண்டு பேருக்கும் போதுமா என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறாள். போன வருஷம் அவளுக்கு மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரையை வீணாக்கக் கூடாதென்று சளிக்கு நான் விழுங்கியதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. நீ அந்த வேலையெல்லாம் செய்யாதே.

அம்மா மட்டும் இருபதாம் தேதி வருகிறாள். என் பங்குக்கும் சேர்த்து அவள் தூக்கட்டும். எனக்கு தினமும் போனில் குட்டியைக் காட்டு, கிட்டக் கொண்டுவந்து காட்டு. போன் வழியாகத் தொற்றாது என்று டாக்டரம்மாவிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

மூவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். தொடுமுன் கை கழுவ மறக்காதே.

சோப்புப் போட்டுக் கழுவிய கையால்,
அப்பா