எடை பார்த்த பிறகு சாப்பிட்டவன்

நவம்பர் 16, ஐயோவா

அன்புள்ள அப்பாவுக்கு,

கோல்ட்டன் அண்ணனுக்கு நோய் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்துக் கைதட்டினீர்கள். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத முடியும். பயப்பட வேண்டாம், அண்ணன் உயிரோடு இருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். இப்போது மத்தியானத் தூக்கம். பக்கத்து அறைவரை குறட்டை கேட்கிறது. அந்தச் சத்தம் இத்தனை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் வேலை செய்யும் எண்ணெய்க் கிணற்று முகாமில் சிக்னல் இல்லை என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். குறுஞ்செய்திக்கு மட்டும் சிக்னல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. கடிதமாவது உங்கள் கைக்கு வரும்.

அப்போது நீங்கள்தான் பள்ளியில் அவனுடைய மல்யுத்தப் பயிற்சியாளர். எடைப் பிரிவுக்குள் நிற்க இரண்டு நாள் பட்டினி போடுவீர்கள். எடை பார்த்து முடிந்ததும் உணவகத்தில் பதினான்கு பேன்கேக் வரும், ஊரே சுற்றி நின்று எண்ணும். "எம்புள்ள வயித்துல நாலு பேரு குடியிருக்காங்க" என்று மேசையைத் தட்டிச் சிரிப்பீர்கள். பள்ளி முடிந்தது, மல்யுத்தம் முடிந்தது. தின்பது முடியவில்லை. ஒளிந்து தின்ன ஆரம்பித்தான், அவ்வளவுதான். வேலை விட்டதும் தானியக் கிடங்கின் பின்னால் பிக்கப் வண்டியை நிறுத்தி, மூச்சு முட்டும்வரை. பசியும் இல்லை, ருசியும் இல்லை. "என் கை என் பேச்சையே கேக்கல டெஸ்" என்று இப்போதுதான் என்னிடம் சொன்னான்.

மூன்று டாக்டர்களிடம் போயிருக்கிறான். மூவரும் எடையைக் குறை என்று ஒரே மாதிரி காகிதத்தைக் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை நிறையத் தின்றால் நம் ஊரில் அதற்குப் பெயர் ஆரோக்கியம். குண்டானால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். நடுவில் ஒரு நோய் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. அக்டோபரில் தன் தூண்டில்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தான். வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்குக் காட்டினான். ஒருவழியாக அண்ணன் ஒழுங்காகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். கூடவே இருந்த எனக்கே அது விடைபெறுவது என்று புரியவில்லை.

அண்ணனின் தோள் வலிக்காகத்தான் மருத்துவமனைக்குப் போனோம். ராண்டா என்று ஒரு நர்ஸ். தனியாக இருக்கும்போது நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறாயா என்று கேட்டாராம். ஆமாம் என்றதும், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அதே குரலில் கேட்டாராம். அதற்கும் ஆமாம். எந்த நாள் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தான், அப்பா. நான் வெளியே காத்திருந்தேன். கதவு திறந்தபோது அழுதுகொண்டிருந்தான், ஆனால் முகம் இளகியிருந்தது. நிறுத்த முடியாமல் தின்னும் இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த எண்ணமும் அதிகம் வருகிறது, வெட்கத்தால் இரண்டையும் சேர்த்தே மறைக்கிறார்கள், அதனால் ஒன்றைக் கேட்டால் மற்றதையும் கேட்டுவிடுவேன் என்றார் ராண்டா. கேட்பதால் புதிதாக எண்ணம் வந்துவிடாதாம்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இனி வாரம் இரண்டு முறை ஆலோசகர். மூன்று வேளையும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பட்டினி கூடவே கூடாது. உங்கள் வேட்டைத் துப்பாக்கிகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கோபப்படுவதென்றால் என்மேல் படுங்கள்.

நேற்றுக் காலை முட்டையும் ரொட்டியும் செய்தேன். நான் அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. "என்ன, நடுவரா நீ? விசில் எங்க? உன் முட்டை ஆறுது பாரு" என்றான். பிறகு ஆஸ்பத்திரி ஜெல்லியைப் பற்றி, "அதைத் தின்னவனுக்கு வீட்டுக்குப் போயாவது பொழைக்கணும்னு தோணிரும்" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

கிடங்கில் அண்ணனோடு வேலை பார்க்கும் மெர்ல் என்னை மடக்கினார். "என்ன, உங்கண்ணனுக்கு வயித்துக் கோளாறா? கிடங்கையே காலி பண்ணிட்டானா?" என்றார். நடந்ததை அப்படியே சொன்னேன். சொல்லலாம் என்று அண்ணனே சொல்லியிருந்தான். மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கக்கா மவன் அப்படித்தாம்மா போனான். நாங்க யாரும் கேக்கல" என்றார். இத்தனை வருடமாக அந்த மனிதர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆபத்து முழுதாக நீங்கிவிட்டது என்று எழுத மாட்டேன். ஆனால் அவன் தீர்மானித்திருந்த அந்த நாள் போன வியாழனோடு கடந்துவிட்டது. அன்று நாங்கள் வண்டிக்குச் சக்கரம் மாற்றினோம்.

ஒரு விஷயம். உங்கள் பெயரைக் கெடுத்துவிட்டதாக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறான். எப்படிப் பேசுவது என்று என்னிடம் ஒத்திகை பார்க்கிறான். கேட்க விடாதீர்கள் அப்பா. நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். சாலையில் பனி பிடித்திருக்கிறது, மெதுவாக ஓட்டி வாருங்கள், நல்லபடியாக வந்து சேருங்கள். வேறு விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். என்றைக்கு வருகிறீர்கள்? தேதியை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
டெஸ்