வியாழக்கிழமை சர்வரைப் பார்த்துக்கொள்வது யார்?

என்னங்க,

"பொங்கலுக்கு வந்துட்டா, வீட்டுல சர்வரை யாருங்க அத்தை பாப்பாங்க?" என்று நேற்று ஸ்பீக்கர் போனில் கேட்டீர்கள். "அதென்ன கறவை மாடுங்களா மாப்பிள்ளை?" என்று அம்மா சொன்னதும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லோஹேகாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது. அக்காவின் பழைய பிரவுசரில், அந்த சர்வரில் ஓடும் உங்கள் வலைத்தளம் இன்னும் கோணலாகத்தான் தெரிகிறது, சரிசெய்யுங்கள்.

வாராவாரம் வியாழக்கிழமை நீங்கள் ஆபீசில் இருக்கும்போது கரண்டு போகிறதே, அப்போது யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தீர்கள்? யுபிஎஸ் கத்தியதும் சர்வரை முறையாக நிறுத்தி, கரண்டு வந்ததும் ஓடவிடுவது நான்தான். எதிர்வீட்டு வைஷாலிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

சுப்ரஜா

பி.கு.: தயிர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று. கல்யாணமானதிலிருந்து தனியாகவே ஊருக்குப் போய்வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு என்னோடு கோயமுத்தூர் வாங்க.