அஜ்மான் மணலில் காசு தேடுகிறவர்

முவைலா, ஷார்ஜா
10 ஜனவரி 2025

அன்புள்ள ரெஷ்மாவுக்கு,

ஞானையா எழுதுகிறேன். நான் சுகம். தம்மாமில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். நைட் டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டுவதில்லை. உன் அம்மா இருந்தபோது போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். இப்போது கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். என்னோடு ஏசி வேலை பார்க்கிற மணிகண்டன் இதைப் படம் பிடித்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவான்.

ஒரு உதவி வேண்டும். மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். மணலுக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடந்தால், கீழே காசு கிடக்கிற இடத்தில் சத்தம் போடுமே, அதுதான். அஜ்மான் கடற்கரையில் ஒரு பிலிப்பினோ வைத்திருக்கிறார். அவருடையது விலை கூடியது, எனக்கு எட்டாது. துபாய் சத்வாவில் ஒரு கடையில் மலிவாக இரண்டு மூன்று தொங்குகின்றன. ஒன்று பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது. அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். நீ படித்த பிள்ளை. எதை வாங்கினால் ஏமாறமாட்டேன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? டூட்டி இருந்தால் வேண்டாம். அவசரம் இல்லை.

அன்புடன்,
ஞானையா

~

தம்மாம்
18 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ஞானையா அங்கிள்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன். நீங்கள் கேட்டதற்காக ஒரு ஆஃப் நாள் முழுக்க இதையே படித்தேன். கூட இருக்கும் நர்ஸுகள் எல்லாம் நான் புதையல் எடுக்கப் போகிறேன் என்று கேலி செய்கிறார்கள்.

அந்த விளையாட்டுச் சாமானை வாங்காதீர்கள். ஆணியா காசா என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான். அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் தண்ணீர் போகக் கூடாது, கடற்கரைக்கு அது முக்கியம். மலிவான மெஷின்கள் உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் காசு இல்லாத இடத்திலும் கத்துமாம். அதற்குத் தனி வகை இருக்கிறது, விலை அதிகம். ஆகவே உங்கள் கையிருப்புக்கு நடுத்தரமான ஒன்றை வாங்கி, அலை வராத காய்ந்த மணலில் மட்டும் தேடுங்கள். எடை குறைவாக இருக்கட்டும். உங்களுக்குத் தோள்வலி உண்டென்று அம்மா சொல்லியிருக்கிறார்.

ஒன்று கேட்கலாமா? அம்மாவின் மோதிரம் அங்கே தொலைந்துவிட்டதா? அதைத் தேடத்தான் இதெல்லாமா? அப்படியானால் என்னிடம் மறைக்க வேண்டாம்.

நான் உங்களுக்கு எழுதுவது குளச்சல் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "தங்கச்சியே போயாச்சு, இனி அந்த ஆளோட நமக்கு என்ன பேச்சு" என்கிறார். தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன், வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
ரெஷ்மா

~

முவைலா
31 ஜனவரி 2025

அன்புள்ள ரெஷ்மாவுக்கு,

வாங்கிவிட்டேன். நீ எழுதியதை மணிகண்டன் கடையில் வைத்து உரக்க வாசித்தான். கடைக்காரர் சதக்கத்துல்லா காயல்பட்டினத்துக்காரர். கேட்டுவிட்டு, "யாரு அண்ணாச்சி இவ்வளவு வெவரமா எழுதுனது? என் வியாபாரத்தையே கெடுத்துருவாக போலிருக்கே" என்று சிரித்தார். பிறகு வாசலில் இருந்த பூந்தொட்டி மண்ணில் ஒரு திர்ஹத்தையும் ஒரு டின் மூடியையும் புதைத்து என்னைத் தேடச் சொன்னார். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். "நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. டின் மூடியும் காசும் இதுக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே அவரிடம் வாங்கினேன்.

இரும்பை ஒதுக்குகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் சில திர்ஹம் காசுகளையும் ஒதுக்கிவிடுகிறது, அவை காந்தத்தில் ஒட்டுகிறவை. அதனால் அமுக்காமலே நடக்கிறேன். ஆணிதான் அதிகம் கிடைக்கிறது. கடற்கரைக் காவலாளியிடம் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும், நகை எதுவும் அகப்பட்டால் போலீசில் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

மோதிரம் தொலையவில்லை, பிள்ளே. அவள் ஜெபமாலையோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். அது உனக்கு உள்ளது.

எதையும் தேடி நான் இதை வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நானும் உன் அம்மாவும் அந்தக் கடற்கரைக்குப் போவோம். அவள் போன பிறகு தனியாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு ஆண்பிள்ளை சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இங்கே யாரும் விடுவதில்லை. "பாய், தபியத் டீக் ஹை?" என்று வந்து வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். கையில் ஒரு மெஷின் இருந்தால் ஏதோ வேலையாக இருக்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் காரியம்.

பெரியம்மா சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ எனக்கு எழுதுவதால் உனக்குச் சங்கடம் வரும் என்றால் எழுதாதே.

அன்புடன்,
ஞானையா

~

தம்மாம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அங்கிள்,

எழுதாதே என்று நீங்கள் சொன்னதால்தான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை டூட்டி ரூமில் வைத்துப் படித்தேன், பிறகு முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கடற்கரையில் தலைக்குத் தொப்பி போடுகிறீர்களா? மெஷினின் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நடந்தால் பின்னால் பைக் வருவது கேட்காது, ஒரு காதில் மட்டும் வையுங்கள்.

ஒரு செய்தி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெயர் எபின். ஜுபைலில் டெக்னீஷியன், நம் ஊர்ப் பக்கம்தான். அதிகம் பேசமாட்டார், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். அம்மாவுக்குப் பிடித்திருக்கும். ஈஸ்டர் முடிந்து மே மாதம் குளச்சலில் கல்யாணம்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோயிலில் பீடம் வரை என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போவது பெரியப்பா என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். பத்திரிகையில் அம்மா பெயரும், என் சின்ன வயதிலேயே இறந்துபோன அப்பா பெயரும் வரும். நீங்கள் அவ்வளவு தூரம் வந்து சங்கடப்பட வேண்டாம் என்றும் பெரியம்மா சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். நான் அவரிடம் மறுத்துப் பேசவில்லை.

ரம்ஜான் பெருநாள் லீவில் ஷார்ஜா வருகிறேன், அம்மாவின் சாமான்களை எடுத்துக்கொள்ள. எபினும் வருவார். அலைச்சல் வைக்கமாட்டோம்.

அன்புடன்,
ரெஷ்மா

~

முவைலா
28 பிப்ரவரி 2025

அன்புள்ள ரெஷ்மாவுக்கு,

உன் கல்யாணச் செய்தி படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். மணிகண்டன் உடனே லட்டு வாங்கி வந்து பில்டிங் வாட்ச்மேன் வரைக்கும் கொடுத்தான். எபின் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பார்.

பெரியப்பா கைப்பிடித்து அழைத்துப் போவதுதான் முறை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள். நான் உன் அம்மாவைக் கல்யாணம் பண்ணியபோது நீ நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். இங்கிருந்தே ஜெபிப்பேன். எனக்கு இங்கே சம்மரில் வேலையும் அதிகம், ஏசி எல்லாம் மொத்தமாக மே மாதத்தில்தான் கெட்டுப்போகும்.

பெருநாளுக்குக் கட்டாயம் வா. அம்மாவின் சேலைகளை வெயிலில் காட்டி மடித்து வைத்திருக்கிறேன். எபினுக்கு மீன் பிடிக்குமா? எழுது.

அன்புடன்,
ஞானையா

~

தம்மாம்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் பொரித்த நெய்மீனைப் பற்றி எபின் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய் திறந்து அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஆனால் நான் விமானத்தில் வரும் வழியெல்லாம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். எபின்தான் "எழுதிரு, மனசுல வச்சுக்கிட்டுத் திரியாத" என்றார்.

பெருநாளைக்கு மறுநாள் கடற்கரையில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? நான் உங்கள் மெஷினைப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தேன். "தரையை ஒட்டிப் பிடி, தூக்காதே" என்று நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். அது கத்தியது. நாம் இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தோண்டினோம். கிடைத்தது ஒரு ஸ்பூன். நான் அம்மா போன பிறகு அவ்வளவு சிரித்ததே இல்லை. அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்த மலையாளி அம்மா ஒருவர் உங்களிடம், "மோளாணோ?", மகளா என்று கேட்டார்.

நீங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "எனக்க பெஞ்சாதிக்க மவளாக்கும்" என்றீர்கள்.

அது உண்மைதான், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரில் தெருவில் போகிற பிள்ளையைக்கூட "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர் கூப்பிடுவார், மீன்காரி கூப்பிடுவாள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு என்மேல் அப்படியெல்லாம் இல்லை என்று நினைத்திருந்தேன். பிரியமில்லாத ஒருவர் எதற்காக என் அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் வேப்பிலை வைத்து மடிக்க வேண்டும்?

பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். சத்தம் போட்டார், அழுதார். பெரியப்பா போனை வாங்கி, "எனக்கு மூட்டுவலி பிள்ளே, கோயில் நடுவுல நான் தடுக்கி விழுந்தா உனக்குத்தான் கேவலம். அவரே வரட்டும்" என்றார். அவருக்கு மூட்டுவலி இருப்பதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. அப்பா பெயரும் அம்மா பெயரும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்கிறது.

மே மாதம் ஏசி கெட்டால் கெடட்டும். லீவு எழுதிக் கொடுங்கள். என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக நீங்கள்தான் வர வேண்டும். வரமாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ரெஷ்மா

~

முவைலா
11 ஏப்ரல் 2025

மக்களே,

உன் கடிதத்தை மணிகண்டன் போனில் நானே பெரிதாக்கிப் படித்தேன். அவனை வாசிக்க விடவில்லை.

நீ கோபப்பட்டது சரிதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்கே உன் அம்மா சொன்னாள்: "அவ அப்பாவை இழந்த பிள்ளை. நீங்க முந்திக்கிட்டு மகளேன்னு கூப்பிட்டுராதீங்க, பயந்துக்குவா. அவளா வரட்டும்." சரி என்று சொன்னேன். நீ வருவதற்குள் அவள் போய்விட்டாள். பிறகு அந்த வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. கடற்கரையில் அந்த அம்மா கேட்டபோது வாய்வரைக்கும் வந்தது. நீ பக்கத்தில் நின்றாய். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன்.

பெரியப்பாவிடம் சொல், அவர் எனக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். பெரியம்மாவுக்கு நானே போன் பண்ணிப் பேசுகிறேன். பேசத் தெரியாது, இருந்தாலும் பேசுகிறேன். சத்வாவில் தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்தாயிற்று. கோட் போட்டு எனக்குப் பழக்கம் கிடையாது, கையை எங்கே வைப்பது என்று எபினிடம் கேட்டு எழுது.

நேற்று மொட்டைமாடியில் வேலை. ஏசி மெஷின்கள் எல்லாம் ஒரேயடியாக இரைந்துகொண்டிருந்தன. சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "மே மாசத்துலயா? யாருக்குக் கல்யாணம்?" என்று கத்தினார்.

"என் மகளுக்கு" என்றேன்.

இரைச்சலில் அவருக்குக் காதில் விழவில்லை. யாருக்கு என்று மறுபடியும் கேட்டார். பக்கத்தில் வந்து, மறுபடியும் சொன்னேன்.

உன் அப்பா,
ஞானையா