சிரிக்காமல் பார்த்த படம்

இன்று காலை மலைப்பாதையில் எவரோ தின்று எறிந்த வாழைப்பழத் தோல் கிடந்தது. அதைக் கண்டதுமே உங்கள் குரல் காதில் கேட்டது. போன சந்தையில்தான் நீங்கள் காலமான சேதி தெரிந்தது. இறந்தவர்மேல் கோபம் வைக்கக் கூடாதாம். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அமெரிக்க ஊமைப்படம் வந்தபோது, கூடாரத்தில் திரையோரம் கோலுடன் நின்று கதை சொன்னவர் நீங்கள். வாழைத்தார் விற்ற கையோடு அப்பாவும் நானும் உள்ளே நுழைந்து இடம் தேடினோம். மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு ஒரு கால் இழுக்கும். திரையில் தொப்பிக்காரன் ஒருவன் பழத்தோலை மிதித்து வழுக்கி விழுந்தான். உங்கள் கோல் அப்பா பக்கம் திரும்பியது.

"பாருங்க, கொல்லிமலைக்காரரு வாராரு! தன் பழத்துல தானே வழுக்குன காலுங்க அது!"

கூடாரமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஊர் வந்து சேர்ந்ததும், "இனிமே சந்தைக்கு நீயே போய்க்க கண்ணு" என்றார்.

எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போய் அழுதேன். இளவட்டங்கள் உங்களை அடிக்கக் கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். "அடிச்சா வலி நாலு நாள்ல போயிருமுங்க. நம்மாளு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. அது போதுமுங்க."

அடுத்த சந்தையன்று எங்கள் மலைப்பகுதியான அரியூர் நாட்டு ஆட்கள் கூடாரத்தை நிறைத்தோம். தொப்பிக்காரன் விழுந்தான், நாய் அவன் கால்சட்டையைக் கிழித்தது, போலீஸ்காரர் தண்ணீர்த் தொட்டியில் குப்புற விழுந்தார். ஒரு பல்கூடத் தெரியவில்லை. சிரிப்பை அடக்க நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன், வயிறு வலித்தது. நீங்கள் கோலால் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். "ஏனுங்க, கொஞ்சம் சிரிங்க சாமி" என்று கெஞ்சினீர்கள். அதைக் கேட்க எவ்வளவு இனித்தது தெரியுமா? பிறகு பேசும்படம் வந்து உங்கள் பிழைப்பு போனபோதும் எனக்கு இனிக்கத்தான் செய்தது.

அன்று வீட்டு வாசலில் படம் முழுவதையும் அப்பாவுக்கு நடித்துக் காட்டினேன். தோலை மிதித்து நிஜமாகவே விழுந்தேன்.

"விழுந்தது யாரு கண்ணு?"

"கதை சொன்னவருங்கப்பா."

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த சந்தைக்குத் தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலை இழுத்தபடி அவரே இறங்கினார்.

அன்று முதல், பாதையில் தோலைக் கண்டால் மனத்துக்குள் உங்களை ஒருமுறை விழவைத்துவிட்டுத்தான் நடப்பேன். நீங்கள் செத்துவிட்டதற்காக அந்த வழக்கம் மாறாது. இன்று காலையும் விழுந்தீர்கள்.