தையல் வெளிப்பக்கம்

மார்ச் 4

அன்புள்ள என்னங்க,

கடவுள் அருளால் நானும் தும்பியும் நலம். பட்டணத்து விடுதியில் அவளுக்கு இடம் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 'ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நம் ஊரில் யார் துணை?' என்றும் கேட்டிருந்தீர்கள். தையற்கார அக்கா வாயைத் திறக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தையல் உறுத்தினால் தும்பி சட்டையைக் கிழித்துப் போடுவாள் அல்லவா? அதனால் தையலை வெளிப்பக்கமாக வைத்துத் தரச் சொன்னேன். "நீயுமா? இப்படியே இன்னும் மூணு வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தைக்கிறேன்மா" என்றாள். யார் என்று கேட்டேன். "அதை மட்டும் கேக்காத. என் பொழப்புல மண்ணு விழும்." சரி, வெள்ளிக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் அவர்களை என் வீட்டுக்கு வரச் சொல் என்று கூறிவிட்டு வந்தேன்.

விடுதி வேண்டாம். அவளுக்கு ஏழு வயதுதான்.

உங்கள் மனைவி

மார்ச் 12

தும்பி அம்மாவுக்கு,

ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்காதே. விடுதியில் இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். 20ஆம் தேதி என் அக்கா காரோடு வருவாள். பிள்ளையின் துணிமணியை எடுத்து வை. எனக்கு மட்டும் மனசு வலிக்காதா?

உன் கணவன்

மார்ச் 21

அன்புள்ள என்னங்க,

பெட்டி கட்டவில்லை.

முதல் இரண்டு வெள்ளியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நேற்று மூன்று வீட்டாரும் வந்தார்கள். பால்காரரும் மனைவியும் மகனைத் துண்டால் மூடித் தூக்கி வந்தார்கள். ஒரு பிள்ளை கதவைத் திறந்து திறந்து மூடியது. இன்னொன்று சுவரை முகர்ந்தது. தும்பி மேசைக்கடியில் கத்திப் பாடினாள். அத்தனை சத்தத்திலும் ஒருவர்கூட "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லவில்லை. பிரார்த்தனைக் கூடத்தில்கூட எனக்கு அந்த நிம்மதி கிடைத்ததில்லை. கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்போதுதான் உங்கள் அக்கா காரோடு வந்தார்கள்.

"எங்க பிள்ளை? கிளம்பலாமா?"

"அவ வரமாட்டா அண்ணி. உக்காருங்க, டீ போடுறேன்."

"என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நானே எழுதிக்கிறேன்."

பால்காரர் மனைவி எழுந்துபோய் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவளோடு நான் பேசியதே நேற்றுதான். அண்ணி டீயைக் குடித்துவிட்டு வெறும் காரில் திரும்பிப் போனார்கள்.

இனி வெள்ளிதோறும் கூடுவோம். ஒருத்திக்கு வேலை என்றால் மற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பேச்சுப் பயிற்சி தரத் தெரிந்த நர்ஸ் ஒருவர் சுகாதார நிலையத்திலிருந்து அடுத்த வாரம் வருகிறார். அவரை உங்கள் சாய்வு நாற்காலியில்தான் உட்கார வைக்கப் போகிறேன். எழுப்ப வேண்டுமென்றால் நேரில் வாருங்கள்.

தும்பியின் அம்மா